ஓட்டல் அடுக்களையில் எறும்பு: ஸ்பிரே டப்பாவைக் கடைசியில் எடுங்கள்

அல்வாத் தட்டை ஒட்டி எறும்புச் சாரை கண்ணில் பட்டதும் நெல்லைக் கடைகளில் வழக்கமாக நடப்பது இதுதான். பையன் ஸ்பிரே டப்பாவை எடுத்து நாலு அடி அடிப்பான், ஈரத்துணியால் துடைப்பான், அண்ணாச்சி கல்லாவுக்குத் திரும்பிவிடுவார். மறுநாள் அதே எறும்பு ரெண்டடி தள்ளி, ஸ்விட்ச் பாக்ஸுக்குள் இருந்து வரும். அடுத்த வாரம் மூன்று இடத்தில் வரும். மருந்து போலி என்று விற்ற கடைமேல் பழி விழும். மருந்து பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். வேலையின் வரிசைதான் மாறிப்போயிருக்கும்.

முதலில் எறும்பைக் கொல்லாமல் பார்க்க வேண்டும். பிறகு விஷம் கலந்த இரை வைக்க வேண்டும். அது வேலை செய்து முடிந்தபின் ஓட்டைகளை அடைக்க வேண்டும். வெளிச்சுவரில் மருந்து அடிப்பது அதற்கும் பிறகு, அதுவும் தேவைப்பட்டால். துடைப்பது மட்டும் எல்லா நாளும் உண்டு.

கண்ணில் படுவது கூட்டத்தில் ஒரு பங்கு

சாரையில் ஓடுவது தீனி தேடப் போன வேலைக்கார எறும்புகள். ராணியும் எறும்புக் குஞ்சுகளான புழுக்களும் முட்டையும் கூட்டுக்குள் இருக்கின்றன. வெளியே வந்த அத்தனையையும் கொன்றாலும் ராணி முட்டையிட்டு அந்த இடத்தை நிரப்பிவிடும். அதனால் விஷம் கூட்டுக்குள் போக வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஆள் வேலைக்கார எறும்பு மட்டுமே. வாசலிலேயே அதைக் கொன்றால் தபால்காரரைக் கொன்ற மாதிரி, கடிதம் போய்ச் சேராது.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். வளர்ந்த எறும்பு கெட்டியான தீனியை விழுங்காது. நீராக இருப்பதைத்தான் குடிக்கும். குடித்ததை வாயோடு வாய் வைத்து மற்ற எறும்புக்கும் ராணிக்கும் ஊட்டும். கெட்டித் துணுக்கைத் தூக்கிக்கொண்டு போய்ப் புழுவுக்குக் கொடுக்கும். கூட்டில் புழு நிறைய இருக்கும் காலத்தில் சீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கருவாட்டுக்கும் முட்டைக்கும் எறும்பு ஓடுவது இதனால்தான். போன மாதம் வேலை செய்த சீனி இரை இந்த மாதம் தோற்பதற்கும் இது ஒரு காரணம்.

எந்த எறும்பு என்று பாருங்கள்

பத்து நிமிஷ வேலை. ஆனால் மீதி எல்லாம் இதைப் பொறுத்தது. கைபேசி கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும்.

ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல் இல்லாத, வெளிர் மஞ்சள் அல்லது தேன் நிற எறும்பு சுவர் விரிசலிலும் ஸ்விட்ச் பாக்ஸிலும் இருந்து வந்தால் அது ஃபாரோ எறும்பாக இருக்கலாம். அதைவிடச் சிறியதாய், தலை கறுத்து வயிறு வெளுத்து, வெள்ளை டைல்ஸில் பாதி உடம்பு கண்ணுக்கே தெரியாமல் ஓடினால் அது கோஸ்ட் எறும்பு. விரலில் நசுக்கிப் பார்த்தால் காறிய தேங்காய் வாடை வரும். சுடுகிற, ஈரமான அடுக்களை இந்த இரண்டுக்கும் ரொம்பப் பிடிக்கும். ஸ்பிரே அடிக்கவே கூடாத எறும்புகளும் இவைதான். ஒரு கூட்டில் ஒரு ராணி என்ற கணக்கு இவற்றுக்கு இல்லை, பல ராணிகள் இருக்கும். தொந்தரவு வந்தால் ஆளுக்கு ஒரு ராணியும் கொஞ்சம் புழுவுமாகப் பிரிந்து போய்ப் புதுக் கூடு போட்டுவிடும். ஒரு அடி அடித்து ஒரு கூட்டை நாலாக்குவது இப்படித்தான். ஃபாரோ எறும்பு மருத்துவமனைகளில் நோய்க்கிருமிகளைச் சுமந்து திரிந்ததாகப் பதிவுகள் உண்டு. வாருகாலிலும் குப்பையிலும் ஊர்ந்த கால் அடுத்து பால் பாத்திர விளிம்பில் ஊர்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 'எறும்பு தின்னா கண்ணு தெரியும்' என்பதை வீட்டோடு வைத்துக்கொள்வோம்.

கறுப்பாய், நீளக் காலோடு, கோடு போட்ட மாதிரி போகாமல் தறிகெட்டு அங்குமிங்கும் ஓடுவதைப் பிள்ளையார் எறும்பு என்று விட்டுவிடுவார்கள். கடிக்காது என்பது உண்மை. ஆனால் கூட்டமாகக் கூடு மாறும். பெரும்பாலும் வெளியே பூந்தொட்டி, செங்கல் அடுக்கு, தட்டட்டியில் கிடக்கும் பழைய சாக்கு ஆகியவற்றில்தான் குடியிருக்கும்.

செம்பழுப்பு நிறத்தில், சிலதற்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலையோடு, பட்ட இடத்தில் சுள்ளென்று எரிய வைப்பது நெருப்பெறும்பு. மண்ணில் கூடு கட்டும். எண்ணெயும் பருப்பும் கறியும் இதற்கு இஷ்டம், புரோட்டாக் கடைப் பின்வாசலில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம். பெரிய கட்டெறும்பு மரத்தடி மண்ணிலிருந்து ராத்திரியில் வரும். அது உள்ளே குடியிருப்பது அபூர்வம். வெளியே வழியை அடைத்தால் தீர்ந்துவிடும்.

ராத்திரி ஒரு மணி நேரம்

கடை மூடி, அடுப்பு அணைத்து, துடைத்து முடித்தபின் விளக்கை அணையுங்கள். சிறு அட்டைத் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சீனிப்பாகு ஒரு சொட்டு, ஒன்றில் பொரித்த கடலை எண்ணெய் தடவிய ரொட்டித் துணுக்கு, ஒன்றில் கருவாட்டுத் தூள் அல்லது அவித்த முட்டை மஞ்சள் என்று மூன்று மூன்றாக வையுங்கள். அங்கணத்துக்கு அடியில், ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கம், ஸ்டோர் வாசல், கேஸ் குழாய் சுவருக்குள் நுழையும் இடம், சாமி படத் தட்டு ஆகியவை நல்ல இடங்கள். இருபதுக்குப் பதினைந்தடி அடுக்களைக்கு ஆறு முதல் எட்டு இடம் போதும்.

முக்கால் மணி நேரம் கழித்து டார்ச்சோடு வாருங்கள். எந்த அட்டையில் கூட்டம் மொய்க்கிறது என்பது இரை இனிப்பா எண்ணெயா என்று சொல்லிவிடும். மொய்த்த எறும்பைத் தட்டிவிடாமல், தீனியோடு திரும்பிப் போகிறவற்றின் பின்னாலேயே போங்கள். வயிறு நிறைந்தது கூட்டுக்குத்தான் போகும். எந்த டைல்ஸ் இடுக்கில் இறங்குகிறது, எந்தக் குழாய் ஓரம் மறைகிறது என்று ஒரு தாளில் அடுக்களை வரைபடம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று வாரத்துக்கும் இந்தத் தாள் வேண்டும். அட்டைகளை எண்ணி எடுத்துவிடுங்கள், காலையில் ஒன்றுகூட அடுக்களையில் கிடக்கக் கூடாது.

இரை

உரிமம் பெற்ற உணவகத்தில், சமையல் நடக்கும் அறைக்குள், லேபிளில் 'எறும்பு' என்று அச்சிட்ட ஜெல் அல்லது மூடிய இரைப்பெட்டி வைப்பதே நல்லது. கரப்பான் ஜெல் கையில் இருக்கிறதே என்று அதை வைப்பது பல இடத்தில் நடக்கிறது. லேபிள் வேறு, எறும்பு பல சமயம் அதைத் தொடுவதும் இல்லை. ஜெல்லை மிளகு அளவுப் பொட்டுகளாகச் சாரையின் ஓரத்தில் வையுங்கள். ஒரே இடத்தில் பெரிதாகப் பிதுக்கினால் மேலே தோல் கட்டிக் காய்ந்துவிடும், அடுப்புச் சூட்டில் இன்னும் சீக்கிரம். மேடையின் மேற்பரப்பில், மாவு பலகைக்கு மேலே, சாமான் தட்டில் வைக்கவே கூடாது. கதவுச் சட்டத்தின் கீழ் மூலை, அங்கணத்தின் அடிப்பாகம், மேடைக்கு அடியில் குழாய் நுழையும் இடம் ஆகியவைதான் சரி.

வெளிச்சுவர், பின்வாசல், ஸ்டோருக்குப் புறத்தே வைக்கப் போரிக் அமிலக் கரைசலை நீங்களே கலக்கலாம். மருந்துக் கடையில் கிடைக்கும். கேரம் போர்டு பவுடரும் போரிக்தான் என்று வாங்குவார்கள், இப்போது வேறு பொருளிலும் அது வருகிறது, டப்பாவைப் படித்துப் பாருங்கள். அளவு இது:

வெதுவெதுப்பான தண்ணீர் 200 மில்லி, சீனி 20 கிராம், போரிக் அமிலம் 2 கிராம். முழுக்கக் கரையும்வரை கலக்குங்கள்.

இந்த 2 கிராம்தான் உயிர்நாடி. கரண்டிக் கணக்கில் அள்ளாமல், சின்னத் தராசில் நிறுங்கள். பலகாரம் நிறுக்கும் தராசு வேண்டாம். கூடப் போட்டால் சீக்கிரம் சாகும் என்று 10 கிராம் போடுகிறவர்கள் உண்டு. எறும்பு குடித்த இடத்திலேயே விழும், அல்லது வாய் வைக்காமலே போய்விடும். கூட்டுக்கு ஒன்றும் போகாது. இரைப்பெட்டியைச் சுற்றி ஒரே நாளில் செத்த எறும்பு குவிந்திருந்தால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள், கரைசல் கெட்டி என்று அர்த்தம். தண்ணீர் சேர்த்து இளக்குங்கள்.

மூடி உள்ள சின்ன பிளாஸ்டிக் டப்பாவின் பக்கவாட்டில், அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில், ஊசியைச் சுட வைத்து நாலைந்து துளை போடுங்கள். உள்ளே பஞ்சு வைத்து, பஞ்சு ஊறும் அளவு மட்டும் கரைசல் விடுங்கள், தேங்கி நின்றால் எறும்பு மூழ்கும். மூடியில் 'விஷம்' என்று பெரிதாக எழுதிச் சுவரோடு டேப் போட்டு ஒட்டுங்கள். நம் வெயிலில் இந்தக் கரைசல் ரெண்டு மூன்று நாளில் புளித்துவிடும், அதற்குள் மாற்ற வேண்டும். அதனால்தான் 200 மில்லிக்கு மேல் கலக்க வேண்டாம் என்பது. மீந்ததைக் கடை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. போரிக் பாக்கெட் ஸ்டோருக்குள் வரவே கூடாது: உப்பு, ஆப்பச் சோடா, மைதா எல்லாமே வெள்ளைத் தூள்தான், அவசரத்தில் கை மாறும்.

எறும்பு எண்ணெய் அட்டைக்குத்தான் போனது என்றால் வறுத்து அரைத்த நிலக்கடலை விழுது 100 கிராமுக்கு 2 கிராம் போரிக் கலந்து, சுண்டைக்காய் அளவு உருண்டைகளாக அதே டப்பாவில் வையுங்கள். கடலை ஒத்துக்கொள்ளாத வாடிக்கையாளர் இருக்கலாம். அதனால் இதுவும் வெளியே மட்டும்தான், கலக்கிய ஏனமும் கரண்டியும் திரும்ப அடுக்களைக்கு வரக் கூடாது.

முதல் ரெண்டு நாள் எறும்பு பெருகின மாதிரி தெரியும். தீனி கண்டுபிடித்த சேதி கூட்டுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். இந்த இடத்தில்தான் பல கடைகளில் பொறுமை போய் ஸ்பிரே டப்பா வெளியே வருகிறது. இரை வைத்த இடத்துக்குப் பத்தடிக்குள் ஸ்பிரே, பினாயில், டெட்டால் எதுவும் வேண்டாம். ஒரு வாரத்தில் சாரை மெலியும். வெளியே மண்ணில் இருக்கும் கூடு என்றால் ரெண்டு மூன்று வாரம் ஆகும். ஃபாரோ எறும்புக்கு ஒன்றரை மாதம்கூட ஆகலாம். இரையை ஒரு நாள்கூடக் காய விடாமல் பார்த்துக்கொள்ள ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள், எல்லோர் பொறுப்பும் என்றால் யார் பொறுப்பும் இல்லை.

கடையில் எறும்புக்கு நாமே போடும் தீனி

இரை வேலை செய்ய வேண்டுமானால் அதைவிட ருசியான தீனி பக்கத்தில் கிடக்கக் கூடாது. எங்கே கிடக்கிறது என்று கேட்டால் 'எல்லாம் துடைச்சாச்சு அண்ணாச்சி' என்பார்கள். துடைத்தது கண்ணுக்குத் தெரியும் இடத்தை மட்டும்.

அல்வாக் கடையில் முதலில் பார்க்க வேண்டியது தராசு. எலெக்ட்ரானிக் தராசின் தட்டைத் தூக்கிப் பாருங்கள். தட்டுக்கு அடியில் உள்ள நாலு ரப்பர் குமிழைச் சுற்றி நெய்யும் சீனியும் கலந்து பழுப்பாய் ஒரு வளையம் கட்டியிருக்கும். தினம் நூறு முறை அல்வா நிறுக்கும் தட்டு அது, ஒவ்வொரு முறையும் விளிம்பில் ஒரு இழை வழியும். வாரக்கணக்கில் அது அங்கேயே இருக்கும். தராசின் அடிக்கால் நாலிலும் அதே கதை. தட்டைத் தினமும் கழற்றி வெந்நீரில் கழுவுங்கள், குமிழைச் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடையுங்கள். அடுத்து, பட்டர் பேப்பர் கட்டும் மேசையின் அடிவிளிம்பு. மேலே துடைக்கும்போது பிசுக்கு எல்லாம் அந்த விளிம்புக்கு அடியில்தான் போய் ஒட்டுகிறது. அல்வா கிண்டும் இடத்தில் அடுப்புக் கால், சட்டுவம் சாத்தி வைக்கும் சுவர் மூலை. கோதுமைப் பால் பிழிந்த சக்கையைப் பின்வாசலில் சாக்கில் குவித்து மாட்டுக்காரர் வரும்வரை வைப்பார்கள், அது புளிக்கப் புளிக்க எறும்பும் ஈயும் அங்கேதான். மூடி உள்ள டிரம்மில், அடுக்களைக் கதவிலிருந்து தள்ளி வையுங்கள்.

கல்லாவுக்கு மேலே சாமி படத் தட்டு. கற்கண்டு, பொரிகடலை, உடைத்த தேங்காய் மூடி, வாடிய பூ. காலையில் படைத்ததை அன்றைக்கே எடுத்துவிட்டால் போதும், பக்திக்கு ஒரு குறையும் வராது. வாசல் கோலமும் அப்படித்தான். அரிசி மாவில் போடுவதே எறும்புக்கு ஈய வேண்டும் என்றுதான், நல்ல எண்ணம். முன்வாசலில் தெருவை ஒட்டிப் போடுங்கள், அடுக்களைப் பின்வாசலில் கல்மாவுக் கோலம் போடுங்கள்.

டீக்கடையில் தொங்கும் வாழைத்தார்க் கயிற்றின் வழியாகத்தான் எறும்பு இறங்கும். கயிற்றின் மேல்பாகத்தில் நாலு விரல் நீளத்துக்கு விளக்கெண்ணெயோ வாசலினோ தடவி, தூசி படிந்ததும் துடைத்துவிட்டுத் திரும்பத் தடவுங்கள். தாரும் இலைக் கட்டும் தோட்டத்திலிருந்தே எறும்பைக் கொண்டுவரும். கட்டை வெளியே வைத்து உதறி, தண்ணீரில் அலசின பிறகு உள்ளே எடுங்கள்.

கருப்பட்டி தனி விவகாரம். உடன்குடியிலிருந்து ஓலைப்பெட்டியில் வந்தபடியே ஸ்டோரில் வைத்தால், ஐப்பசி ஈரத்தில் அது நீர்விட்டு ஓலை வழியாகக் கசியும். தரையில் ஒரு ரூபாய் அளவு கறை போதும், சாரை வந்துவிடும். வந்த அன்றே இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டிரம்முக்கு மாற்றி, ஓலைப்பெட்டியை வெளியேற்றுங்கள். சீனி மூட்டை தரையிலிருந்து அரையடி உயரப் பலகையில், சுவரிலிருந்து ஓரடி தள்ளி இருக்க வேண்டும், பின்னால் துடைப்பமும் டார்ச்சும் போக இடம் வேண்டுமே. பிரித்த மூட்டையைச் சணல் கட்டி வைப்பதெல்லாம் எறும்புக்கு ஒரு தடையே இல்லை. கிராம்பு, பட்டை இலை போட்டு வைப்பது வீட்டு டப்பாவில் கொஞ்சம் உதவும், 50 கிலோ மூட்டையில் உதவாது.

மீதியைச் சுருக்கமாகச் சொன்னால்: ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் மடிப்பு, கிரைண்டருக்கு அடியில் காய்ந்த மாவு, மிக்ஸி மோட்டாரின் காற்றுத் துளை, குப்பை வாளியின் வெளி அடிப்பாகம், சால்னா அண்டா வைக்கும் வளையம், துடைக்கும் துணி. ராத்திரி முழுக்க ஈரமாய், இனிப்பாய்க் கிடக்கும் துணிதான் சில கடைகளில் எறும்பின் முதல் தீனி. சோப்பில் அலசிக் காயப் போட்டுவிட்டுப் போங்கள்.

மூடும் நேரத் துடைப்பு

எறும்பு போன வழியில் வாசனைத் தடம் விட்டுப் போகும், பின்னால் வருவது அதைப் பிடித்துக்கொண்டே வரும். வெறும் தண்ணீரில் துடைத்தால் பிசுக்கில் ஒட்டிய தடம் போகாது. ஒரு லிட்டர் வெந்நீருக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு தேக்கரண்டி. முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், கடைசியில் உலர்ந்த துணி. உலர்த்துவதை விடாதீர்கள். சித்திரை வைகாசியில் எறும்பு தீனிக்கு வருவதைவிடத் தண்ணீருக்கு வருவது அதிகம். சொட்டும் குழாயும் நனைந்த மேடையும் அதற்குக் குளம்.

இரை வைத்திருக்கும் நாட்களில் பலகார மேடை, சமைக்கும் மேடையில் உள்ள தடத்தை மட்டும் அழியுங்கள். இரைப்பெட்டிக்குப் போகும் தடத்தைத் தொடாதீர்கள். பிளீச்சிங் பவுடரை வினிகரோடும், டாய்லெட் கழுவும் ஆசிடோடும் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைத்துவிடும், மூடிய அடுக்களையில் உயிருக்கே ஆபத்து.

தண்ணீர்க் கிண்ணம்

மேசைக் காலுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைப்பது பாட்டி காலத்து வழி, இன்றைக்கும் நல்ல வழி. ஆனால் செய்யும் விதத்தில் நாலு ஓட்டை விடுவார்கள். சின்ன எறும்பு தண்ணீர்மேல் நடந்தே போய்விடும், ரெண்டு சொட்டு சோப்பு விட்டால்தான் மூழ்கும். கிண்ண விளிம்புக்கும் மேசைக் காலுக்கும் நடுவே சுற்றிலும் இரண்டு விரல் அகலத் தண்ணீர் வேண்டும். மேசை சுவரில் முட்டக் கூடாது, விரிப்பின் நுனியோ வயரோ தரையைத் தொடக் கூடாது, பாலம் ஒன்று கிடைத்தால் கிண்ணம் வீண். தூசி படிந்து மேலே ஆடை கட்டினாலும் அது பாலம்தான். முக்கியமாக, ரெண்டு நாளுக்கு ஒரு முறை கொட்டித் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். விட்டால் ஒரு வாரத்தில் டெங்குக் கொசு அதில் பொரித்துவிடும், எறும்புக்குத் தப்பி அபராதத்தில் மாட்டுவீர்கள்.

அடைப்பு

சாரை நின்று ஒரு வாரம் ஆனபின் அடையுங்கள். முன்னாலேயே அடைத்தால் சுவருக்குள் இருக்கும் கூட்டம் வேறு இடுக்கு தேடி, சாப்பாட்டு ஹாலுக்குள்கூட வரும். டைல்ஸ் இடுக்குக்குக் கிரவுட், குழாயும் வயரும் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு சிலிக்கான், பெரிய பொந்துக்குச் சிமெண்ட். அடைக்குமுன் பிசுக்கைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கழுவிக் காய வைக்காவிட்டால் சிலிக்கான் ஒரு மாதத்தில் உரிந்து வரும். சுவரும் தரையும் சேரும் மூலையைச் சிமெண்டால் வளைத்துப் பூசிவிட்டால் கழுவவும் சுலபம், எறும்புக்கும் இடுக்கு இல்லை. ஸ்விட்ச் பாக்ஸுக்குள் தண்ணீர், ஸ்பிரே எதுவும் வேண்டாம், மின்சாரத்தை நிறுத்தி எலெக்ட்ரீஷியனை வைத்து பைப் வாயை அடையுங்கள்.

வெளிப்புறம், மழைக்கு முன்னால்

சுவரைத் தொடும் முருங்கை, கொய்யா, செம்பருத்திக் கிளைகளை ஓரடி விலக்கி வெட்டுங்கள். மாவுப்பூச்சி பிடித்த கிளை என்றால் அது சுரக்கும் தேன்நீருக்காகவே எறும்பு அங்கே குடியிருக்கும். சுவரோடு அடுக்கிய விறகு, செங்கல், காலிச் சாக்கை எடுத்துவிடுங்கள்.

மண்ணில் நெருப்பெறும்புப் புற்று இருந்தால், அதிகாலையில் கொதிக்கும் தண்ணீர் பத்து லிட்டர் மெதுவாக ஊற்றுங்கள். ஒரே முறையில் முடியாது, நாலைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை வேண்டும். கடையில் வடித்த கஞ்சி சூடாக இருக்கிறதே என்று அதை ஊற்றாதீர்கள், தீனி போட்ட மாதிரி ஆகும். செடி வேரும், ஊற்றுகிறவர் காலும் பத்திரம்.

நம் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி வர வேண்டியதில்லை, ரெண்டு நாள் விடாமல் பெய்தாலே மண்ணில் உள்ள கூடுகளில் தண்ணீர் ஏறி, முட்டையைத் தூக்கிக்கொண்டு எறும்பு மேடான இடம் தேடும். உங்கள் ஸ்டோர்தான் அந்த மேடு. அதனால் கிளை வெட்டுவது, அடைப்பது, வெளி இரை எல்லாம் புரட்டாசிக்குள் முடிந்திருக்க வேண்டும். குற்றாலம், தென்காசிப் பக்கக் கடைகளுக்கு ஆனி, ஆடிச் சாரலிலேயே இது தொடங்கிவிடும், அவர்கள் வைகாசியிலேயே முடித்துக்கொள்வது நல்லது. சீசன் கூட்டத்தில் பிறகு யாருக்கும் நேரம் இருக்காது.

பொடி, சாக்பீஸ், கம்பெனி ஆட்கள்

எறும்புச் சாக்பீஸ் பூச்சிக்கொல்லிதான். கோடு காய்ந்து உதிரும் வெள்ளைத் தூள் மாவிலும் தட்டிலும் விழும். உணவு இருக்கும் இடத்தில் அது வேண்டாம். உரக்கடையில் பெயரில்லாத பொட்டலத்தில் தரும் பொடி இன்னும் மோசம். பழைய ஆட்கள் இன்றைக்கும் கேட்கும் பி.ஹெச்.சி. பொடி 1997-லேயே தடை செய்யப்பட்டது, மெத்தில் பாரத்தியான் 2018-ல். மஞ்சள் தூள், பெருங்காயம் தூவினால் எறும்பு சுற்றிக்கொண்டு வேறு வழியில் போகும், அவ்வளவே.

ஆளை வைத்துச் செய்தால், 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். என்ன மருந்து, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு, எங்கே என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். 'எறும்புக்கா? உள்ளே முழுக்க ஒரு ஸ்பிரே விட்டுடலாம் சார்' என்று பார்க்காமலே சொல்கிறவரை அனுப்பிவிடலாம். என்ன எறும்பு என்று குனிந்து பார்க்கிறவர்தான் வேலை தெரிந்தவர். வெளிச்சுவரின் அடியில் அடிப்பது தேவைப்படலாம். அன்றைக்குப் பாத்திரம், மாவு, பலகாரம் எல்லாம் மூடி அல்லது வெளியேற்றி, பிறகு மேடைகளைக் கழுவின பின்தான் அடுப்பு பற்ற வேண்டும்.

உணவுப் பாதுகாப்பு உரிமம், பதிவு பற்றிய 2011 விதிமுறைகளின் 4-ஆம் அட்டவணை, பயன்படுத்திய பூச்சிமருந்து, தேதி, எத்தனை நாளுக்கொருமுறை என்ற பதிவேட்டை வைத்திருக்கச் சொல்கிறது. அலுவலர் கேட்டால் காட்ட வேண்டும். ஒரு நூறு பக்க நோட்டு போதும்: தேதி, எங்கே சாரை, எந்த எறும்பு, என்ன இரை, யார் வைத்தார், எப்போது மாற்றினார். பாகில், சாம்பாரில் எறும்பு விழுந்தால் வடிகட்டிப் பரிமாறக் கூடாது. கொட்டிவிட்டு அதையும் நோட்டில் எழுதுங்கள், எங்கே விழுகிறது என்பது சீக்கிரம் பிடிபடும்.

ஆறு வாரம் ஆகியும் வந்தால்

முதலில் இரையை மாற்றுங்கள்: இனிப்பு என்றால் எண்ணெய், எண்ணெய் என்றால் இனிப்பு. அட்டைச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கூடு உங்கள் கட்டடத்தில் இல்லை. டவுன், ஜங்ஷன் பகுதிக் கடைகள் பலவற்றுக்கும் பக்கத்துக் கடையோடு ஒரே சுவர், ஒரே வாருகால். நீங்கள் இரை வைக்க, அந்தப் பக்கம் அவர் ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தால் எறும்பு இரண்டு பக்கமும் மாறி மாறித் திரியும். வரைபடத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவரிடம் பேசுங்கள். ஒரே ராத்திரியில் இரண்டு கடையிலும் பொதுச் சுவரின் இரு பக்கமும் இரை வைத்து, மூன்று வாரம் இருவரும் மருந்து அடிக்காமல் இருங்கள். இரை வாங்கும் செலவை நீங்களே ஏற்றுக்கொண்டால் அவர் மறுக்கமாட்டார், ஒரு டப்பா ஜெல்லின் விலை ஒரு தட்டு அல்வாவைக் கொட்டும் நஷ்டத்தைவிடக் குறைவுதான்.